இயற்கைத் தேங்காய்க்கு ஏது குடுமி

ஒரு தேங்காய்க்கு இருபத்திரண்டு மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கியவள் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் குடும்பத்தில் யாரையாவது நீங்கள் சந்தித்தால் அவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள், அதுவும் விலையை முப்பதாக ஏற்றி, என் குரலைக் கீச்சுக் குரலாக மாற்றி. போன தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வழிச் சொந்தம் ஒருவர் நாற்பத்தைந்து என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இல்லை. இருபத்திரண்டுதான். (கொஞ்சம் காசும் உண்டு, அதை விடுங்கள்.)

"ஓர்கானிக் கடையில வாங்குறது குடுக்குற காசுக்குத் தகுமாக்கா?" என்று தொழிற்சாலையில் சின்னப் பெண்கள் இப்போதும் என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். கதை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், என் தம்பியின் பரிசத்தை நான் எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சூப்பர்வைசர். அதாவது, குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். சம்பளம் வாங்காமலும் அதைச் செய்வேன் என்று என் வீட்டுக்காரர் சேகர் சொல்வார். அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் புதிதாகக் கட்டிய ஒரு மாலின் கீழ்த்தளத்தில் அந்தக் கடை திறந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது இலவச விளம்பரம், என்னிடமிருந்து அவர்கள் வாங்கியதே போதும்.

உள்ளே போனாலே மழை பெய்து விட்ட மாதிரி ஒரு வாசனை வரும். கீரைக்கு மேல் புகை மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கேரட்டுக்கு அதன் சொந்த ஊர் எழுதியிருக்கும். தக்காளி ஒவ்வொன்றும் தனித்தனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். விலையைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, விலைச் சீட்டை மட்டும் எறும்பு அளவு எழுத்தில் எழுதியிருப்பார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்றே மாதத்தில் நான் பசாரில் காய்கறி வாங்குகிற ஜனங்களைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் கடையின் பெயர் போட்ட துணிப்பையைக் கைப்பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். (உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு குடையும்தான் இருக்கும். இருந்தாலும் பெயர் வெளியே தெரியும்படி மாட்டுவேன்.) கேண்டீனில் யாராவது கங்கோங் கீரையை வாயில் வைத்தால், "அதுல எவ்வளவு மருந்து அடிச்சிருக்கான் தெரியுமா?" என்று கேட்பேன். கேட்காமல் இருந்தால்தானே அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இந்த நிலைமையில் என் தம்பி லோகனுக்குப் பரிசம் வந்தது.

லோகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். கூலாயில் அம்மாவோடு இருந்துகொண்டு, விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவான். தர்ஷினி என்ற பெண்ணை ஆறு வருஷமாக விரும்பினான். பெண்ணுக்கு ஊர் லாயாங் லாயாங். அப்பா கிடையாது. தாய்மாமன் கணேசன் என்பவர்தான் வளர்த்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையை ஆட்டினால்தான் அந்த வீட்டில் காரியம் நடக்கும். அவர் ஆறு வருஷமாகத் தலையை ஆட்டவில்லை.

காரணம் ஜாதகமோ வேறு எதுவுமோ இல்லை. "ஜேபி பக்கத்து ஆளுங்க ரொம்ப பந்தா பண்ணுவாங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் காசைப் பார்த்தவர்களுக்கு மரியாதை தெரியாது, முறை தெரியாது, எல்லாவற்றையும் மாலில் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள் என்பது அவருடைய கருத்து. இந்தக் கருத்தை லோகன் என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்து முறை தெரியாது என்கிறார்? எங்களையா?

கடைசியில் தர்ஷினி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்ததாகக் கேள்வி. மாமா இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பரிசம், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று பேச்சாயிற்று. "அக்கா, இந்த ஒரு நாள் மட்டும் ஒண்ணும் கொறை வராமப் பாத்துக்கக்கா," என்றான் லோகன். குறை கண்டுபிடிக்கிறவளிடம் குறை வராமல் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்தான். அதைவிடப் பெரிய தவறு அவன் வாழ்க்கையில் செய்ததில்லை.

அம்மா கூலாய் பசாருக்குப் போகலாம் என்றார். நான் விடுவேனா?

"பசாரா? அங்க உள்ளது பூராவும் பூச்சி மருந்து. நம்ம வீட்டுத் தட்டுல வெக்கிறதையா அங்க வாங்கறது?"

"தட்டுல வெக்கத்தானடி? குடிக்கவா போறாங்க?"

"அம்மா, இது நம்ம ஸ்டாண்டர்டு. அந்த மாமா பாக்கணும். பாத்து அசந்து போகணும்."

மல்லிகைப் பூவை மட்டும் அம்மா பிடிவாதமாகக் கூலாய்ப் பூக்கடையில் சொல்லி வைத்தார். மீதியெல்லாம் என் பொறுப்பு. இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன், அன்று கொண்டுபோன ஒன்பது தட்டிலும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது அந்தப் பூ ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். தேங்காய் ஒரு பிரம்புக் கூடையில் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சணல் பைக்குள், வாயில் ரிப்பன் கட்டி, ரிப்பனில் ஓர் அட்டை தொங்கவிட்டு. அட்டையில், கையால் சுத்தம் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தத் தேங்காயைக் கையால் சுத்தம் செய்திருக்கிறார்! எதைச் சுத்தம் செய்தார் என்று கேட்க வேண்டுமா வேண்டாமா? நான் கேட்கவில்லை. மூன்று பைகளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன்.

அடுத்து வெற்றிலை. குளிர்ப்பெட்டிக்குள் தட்டையான பெட்டிகளில் பளபளவென்று இதய வடிவ இலைகள் அடுக்கியிருந்தன. மேலே 'வைல்டு பீட்டல்' என்று இருந்தது. பீட்டல் என்றால் வெற்றிலை. வைல்டு என்றால் காட்டில் வளர்ந்தது. அப்படியானால் இது சாதாரண ஓர்கானிக் இல்லை, ஓர்கானிக்குக்கும் மேலே! மனிதன் கையே படாத வெற்றிலை! நாலு பெட்டி எடுத்தேன். மஞ்சள் கொம்புக்குப் பதிலாகக் கண்ணாடிப் பாட்டிலில் மஞ்சள் தூள் இருந்தது, மூடி மரத்தால் செய்தது, தட்டில் வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அதையும் எடுத்தேன். கல்லாவில் மொத்தத் தொகையைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் காது அடைத்தது. இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. பின்னால் நின்ற பெண்மணி என் துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கூலாய் வீட்டில் தட்டு அலங்கரித்தபோது அம்மா சணல் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பிரிச்சுப் பாத்தியாடி?"

"பிரிச்சா அந்த ரிப்பன மறுபடி அந்த மாதிரி கட்ட வராதும்மா."

"உள்ள அழுகியிருந்தா?"

"அம்மா, இருபத்திரண்டு வெள்ளித் தேங்காய் அழுகாது."

அம்மா விலையைக் கேட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் தொழிற்சாலையில், வந்து இறங்குகிற சரக்கு எந்தப் பெரிய கம்பெனிச் சரக்காக இருந்தாலும் பெட்டியைப் பிரித்து ஒன்றையாவது பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும் என்று சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதை எழுதி ஒட்டியதே நான்தான்.

மறுநாள் வேனில் கிளம்பினோம். ஒன்பது தட்டு, ஒன்பது மடி. சேகர் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். லாயாங் லாயாங்கில் பெண் வீட்டுக்கு முன்னால் இரண்டு கேனோப்பிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. கணேசன் மாமா வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு திருப்தி தெரிந்தது. ரயில்வேக்காரர் அல்லவா.

தட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்தோம். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "அழகா கட்டியிருக்காங்க லா," என்று யாரோ சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உத்தரத்தைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து தர்ஷினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். லோகன் பட்டுச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர்கள் பேச வேண்டியதைப் பேசி முடித்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் தேங்காயை வெளியே எடுத்து வெற்றிலையின் மேல் வைக்க வேண்டும் என்று, தர்ஷினியின் அம்மா சணல் பையின் ரிப்பனை அவிழ்த்தார்.

பை கீழே சரிந்தது. உள்ளே தேங்காய் இருந்தது. ஒரு நார் இல்லாமல், இழைத்து எடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. குடுமி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கண்ணும் அப்பட்டமாகத் திறந்து, கூடியிருந்த அத்தனை பேரையும் பார்த்து முழித்தது.

மொட்டைத் தேங்காய்!

பரிசத் தட்டில் மொட்டைத் தேங்காய் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! எத்தனை கல்யாணத்துக்குத் தட்டு அடுக்கியிருக்கிறேன்! அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் குடுமி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால்கூட நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறவள் நான்! இரண்டாவது பையை அவிழ்த்தார்கள். அதுவும் மொட்டை. மூன்றாவதும். மூன்றையும் வரிசையாக வைத்ததும் ஒன்பது கண்கள் என்னைப் பார்த்தன.

கணேசன் மாமா குனிந்தார்.

"என்னம்மா இது?"

"தேங்காய் மாமா. ஓர்கானிக்."

"அது சரி. குடுமி எங்க?"

"அது... க்ளீன் பண்ணிட்டாங்க மாமா. இது இயற்கையா வளர்ந்தது. மருந்தே அடிக்காம."

"இயற்கையா வளர்ந்தா குடுமியோடதானேம்மா வளரும்?"

கேனோப்பிக்குக் கீழே யாரோ பக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.  இந்தக் கேள்வியை இன்றுவரை எத்தனையோ தடவை குளியலறையில் நின்று யோசித்திருக்கிறேன்.

அவர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாமா வெற்றிலை போடுகிறவர். தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்தார், திருப்பினார், முகர்ந்தார், நுனியைக் கிள்ளி வாயில் போட்டார். இரண்டு மெல்லு மெல்லிவிட்டு எழுந்து போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தார்.

"இது வெத்தலை இல்லம்மா. கடுக் இலை. மலாய்க்காரங்க சோத்துல நறுக்கிப் போட்டுக்குவாங்க."

"இல்ல மாமா, பாக்கெட்ல வைல்டு பீட்டல்னுதான் போட்டிருக்கு. காட்டு வெத்தலை."

"காட்டு வெத்தலையா? எங்க வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கா ஓரமா மொளச்சுக் கெடக்குது. வேணும்னா போறப்ப அறுத்துத் தாறேன்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. பெட்டி பதினைந்து வெள்ளி! வாய்க்கால் ஓரத்தில் முளைக்கிற இலைக்கு! அந்த நிமிஷத்தில் அந்தக் கடை என் முன்னால் இருந்திருந்தால், தண்ணீர் தெளிக்கிற குழாயைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

மாமா நிமிர்ந்து நின்றார். அவருக்குக் கோபம் என்பதைவிட, ஆறு வருஷமாகத் தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற அலுப்புத்தான் முகத்தில் தெரிந்தது.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க. முறை தெரிஞ்சுக்கிட்டு இன்னொரு நாள் வாங்க. பேசிக்கலாம்."

 அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் தர்ஷினி இப்போது சிரிக்கவில்லை. லோகன் என்னைப் பார்த்து "அக்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

தர்ஷினியின் அம்மாதான் மெதுவாக, "அண்ணே, நம்ம மரத்துல காய் இருக்கே, ஒண்ணு பறிச்சு..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம வீட்டுத் தேங்காய நமக்கே குடுக்கறதுக்கு இவங்க எதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்?" என்றார் மாமா. அது நியாயம்தான் என்பதுதான் எரிச்சலாக இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு இருவது. பன்னண்டுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுத் தேங்காய் வந்தா பாக்கலாம். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

நான் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். சேகர் ஏற்கெனவே வேனில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியிருந்தார். (பேச மாட்டார், ஆனால் இந்த மாதிரி சமயத்தில் சரியாக இருப்பார்.) ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடைத்தெருவில் மூன்று கடை பூட்டியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் தேங்காய் இருந்தது, எல்லாம் உரித்துப் பளிச்சென்று வைத்தது. நான் அந்தக் கடைச் சீன அங்கிளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பனடோல் மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக ஒரு மளிகைக் கடை. அடைப்பதற்குக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே தொப்பி போட்ட ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குக் கீழே குனிந்து, மூச்சு வாங்க, "அண்ணே, தேங்காய்," என்றேன்.

அவர் பேப்பரை மடிக்காமலேயே கேட்டார்.

"பூசைக்கா, கறிக்கா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். மூன்று மாதமாக அந்த மாலில் தண்ணீர்ப் புகைக்கு நடுவில் நடந்திருக்கிறேன். என் பெயர் கேட்டார்கள், பிறந்த நாள் கேட்டார்கள், ஈமெயில் கேட்டார்கள், எனக்கு எந்தப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்றுகூடக் கேட்டார்கள். ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டார்களா?

"பூசைக்குண்ணே. பரிசம். குடுமியோட வேணும்."

"குடுமி இல்லாம பரிசத்துக்கு யாரு வாங்குவாங்க?" என்றார் அவர், சாதாரணமாக. நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டேன்.

மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கோணிச் சாக்கை இழுத்தார். அதிலிருந்த காய்களுக்கெல்லாம் குடுமி இருந்தது. ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்து, மூன்றைத் தேர்ந்து வைத்தார். "வெத்தலை?" என்றார். "காம்போட," என்றேன். "காம்பு இல்லாம நான் விக்கிறதில்ல தங்கச்சி," என்று ஒரு கவுளியை எடுத்து ஈரத்துணியில் சுற்றினார்.

"மஞ்சக் கொம்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே. பாட்டில்ல."

"பாட்டில்லயா?"

அவர் ஒரு பொட்டலம் மஞ்சள் கொம்பைத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். நான் மறந்துபோன என் சாமி சமாச்சாரமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தேங்காய் ஒன்று மூன்று வெள்ளி. நான் ஒரு பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றேன். "பரிசத்துக்குப் போறவங்க அப்படிப் போகக் கூடாது," என்று எண்ணிக் கையில் வைத்துத்தான் விட்டார்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நான் அந்தத் தேங்காய்களோடு கேனோப்பிக்குள் நுழைந்தேன். தலை கலைந்து, புடவை ஓரம் சேறாகி, ஒரு செருப்பு வேனிலேயே தங்கிவிட்டது. கணேசன் மாமா ஒரு காயை வாங்கிக் குடுமியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். என்னையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது தேங்காய்," என்றார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தட்டு மாற்றினார்கள். லோகன் என்னைப் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினான். அம்மா வெளிப்படையாகவே அழுதார். நானும் அழுதேன், ஆனால் என் அழுகையில் பாதி ஆத்திரம்.

மொட்டைத் தேங்காய்கள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? சமையல்கட்டுக்குப் போயின. ஒன்றைத் துருவி மத்தியானச் சாப்பாட்டுக்குத் துவையல் அரைத்தார்கள். கணேசன் மாமா இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். "கறிக்கு நல்லாத்தாம்மா இருக்கு," என்று பந்தியின் அந்தக் கோடியிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொன்னார். நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், அந்தப் பத்தொன்பது வெள்ளி வித்தியாசம் நாக்கில் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று. தேங்காய் மாதிரி இருந்தது.

எனக்கு ஆறவில்லை. அடுத்த சனிக்கிழமை, மிஞ்சியதில் ஒரு தேங்காயைச் சணல் பையோடு, கூடவே ஒரு வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் சேவை மேசையில் ஒரு மலாய்ப் பெண் புன்னகையோடு நின்றாள். என் கோபத்தை மூன்று மொழியில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் குடுமிக்கு மலாயில் என்ன சொல்வது? மலாயில் முடிக்கு ரம்புட் என்பார்கள். சரி என்று, "கெலாப்பா இனி தாக் அடா ரம்புட்!" என்று சத்தம் போட்டேன். இந்தத் தேங்காய்க்கு முடி இல்லை என்று அர்த்தம்.

"ரம்புத்தான் பழமா மேடம்? இன்னும் சீசன் வரலையே," என்றாள் அவள் மலாயில், மிகவும் அனுதாபமாக.

"ரம்புத்தான் இல்ல! ரம்புட்! முடி! தேங்காய்க்கு முடி!"

அவள் தேங்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அட்டையைப் படித்தாள். கையால் சுத்தம் செய்யப்பட்டது என்றுதானே போட்டிருக்கிறது மேடம், என்றாள். வெற்றிலைப் பெட்டியை நீட்டினேன். வைல்டு பீட்டல் என்றால் கடுக் இலைதான் மேடம், பின்னால் மலாயில் எழுதியிருக்கிறதே, என்றாள். திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தது. மேலாளரும் வந்தார். மிகவும் வருந்துகிறோம் என்று சொல்லி, அடுத்த முறை வாங்கும்போது பத்து வெள்ளி கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். ஐம்பது வெள்ளிக்கு மேல் வாங்கினால் மட்டும்.

என் கோபமெல்லாம் இதுதான். அவர்கள் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை! பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், புகார் எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் உண்மையாக அட்டையில் அச்சடித்துத்தான் விற்றார்கள். படிக்காமல் வாங்கியவள் நான். அட்டை இருந்தது, ரிப்பன் இருந்தது, பூசைக்கா கறிக்கா என்று கேட்க மட்டும் அங்கே ஆள் இல்லை. ஆகவே, தகுமா தகாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: கீரை நன்றாகத்தான் இருக்கும், வாங்கிச் சாப்பிடுங்கள், உங்கள் காசு உங்கள் இஷ்டம். ஆனால் விசேஷத்துக்கு வாங்குவதாக இருந்தால், எதற்கு என்று கேட்கிற கடையில் வாங்குங்கள். அந்தப் பத்து வெள்ளிச் சீட்டு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். (சரி, பயன்படுத்தினேன். ஐம்பத்து மூன்று வெள்ளிக்குத் தேன் வாங்கினேன்.)

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் தேங்காய் வாங்குவது என் தலையில்தான். நாங்கள் குடியிருக்கும் ஸ்கூடாயிலிருந்து லாயாங் லாயாங் வரை போய் அந்தப் பெரியவர் கடையில் வாங்குகிறேன். என்னைப் பார்த்தால் அவர் இப்போது கேள்வியே கேட்பதில்லை. குடுமியைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டு, சிரிக்காமல் பைக்குள் போடுகிறார்.

அது போகட்டும். எங்கள் குடும்பத்தில் ஓர்கானிக் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. அதற்கு மொட்டை என்று பொருள். சேகருக்கு உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்தபோது, "அண்ணன் ஓர்கானிக் ஆயிட்டு வர்றாரு," என்று முதலில் சொன்னவள் தர்ஷினிதான். வந்த புதிதில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்ட பெண்! கணேசன் மாமா அதைக் கேட்டு வெற்றிலை புரையேறச் சிரித்தார். சேகர்கூட முடி வெட்டப் போகும்போது, ஓர்கானிக் ஆக இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு வருகிறார்.

போன மாதம் லோகனின் மகளுக்குக் கோயிலில் முடி இறக்கினோம். மூன்று வயது, எனக்கு ஒரே மருமகள், வாய் ஓயாதவள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசியதும் எல்லாரும் வரிசையாக வந்து, "ஐயோ, பாப்பா ஓர்கானிக் ஆயிட்டா!" என்று தலையைத் தடவினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய்த் தட்டோடு நின்றேன். குருக்கள் தட்டை வாங்க வந்தார். வயதானவர், நல்ல வெள்ளைக் குடுமி, உச்சந்தலையில் இறுக்கி முடிந்திருந்தார். பாப்பா என் இடுப்பிலிருந்து அவரை வெகு நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

"அத்தை, இந்தச் சாமித் தாத்தா ஓர்கானிக் இல்ல."

கணேசன் மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். லோகன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். குருக்கள் என்ன ஏது என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. தட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் தேங்காயின் குடுமியைத் தொட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.